பின்னறை ஃபியூஸ்

வீட்டில் மின்சாரம் போகும்போதெல்லாம் நர்ஸின் கணவனும் நின்றுபோவான். மின்விசிறி கடைசியாக இரண்டு சுற்றுச் சுற்றி ஓயும், ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கும், அவனும் செய்துகொண்டிருந்த காரியத்தின் நடுவிலேயே அப்படியே நிற்பான். வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதி வழியில் நிற்கும். கண் திறந்திருக்கும், உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும், நாடி மட்டும் இருக்காது. கல்யாணமான புதிதில் முதல் தடவை அப்படி நடந்தபோது, பழக்க தோஷத்தில் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அலறுவதற்காக வாயைத் திறந்த நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. அவன் தன் கையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "பகல்லயே கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியே" என்று வெட்கப்பட்டான். அவள் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை மொத்தமாகக் குடித்தாள்.

நாத்தனாரைக் கேட்டபோது அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நாங்க சோம்பேறித்தனம்னு நினைச்சுக்கிட்டிருந்தோம்" என்றாள். பொண்ணு கேட்க வந்தபோதே இதைச் சொல்லியிருக்கலாமே என்று நர்ஸ் கேட்டதற்கு, "சொல்லலாம்னுதான் வந்தோம். நீ காபியைக் கொண்டாந்து வச்சே, மறந்துபோச்சு" என்றாள். நர்ஸ் தன் ஆஸ்பத்திரியிலேயே பெரிய டாக்டரிடம் அவனைக் காட்டினாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு ரத்தத்தில் குறையில்லை, இதயத்தில் குறையில்லை, கரண்ட் விஷயத்தை மின்சார ஆபீசில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மின்சார ஆபீசில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மீட்டர் வரைக்கும்தான் தங்கள் பொறுப்பு என்றும், மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றும் விளக்கினார். அதோடு அந்த விசாரணை முடிந்தது.

அவன் வீடுகளுக்குச் சாயம் அடிக்கிற பெயிண்டர். ஊரில் எந்த மூலையில் வேலை செய்துகொண்டிருந்தாலும், அங்கே விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தாலும், அவன் வீட்டில் கரண்ட் போனால் ஏணி மேல் அப்படியே நின்றுவிடுவான். வேலை கொடுத்தவர்கள் முதலில் பதறினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். கையில் இருக்கும் பிரஷ் காய்ந்துவிடாமல் அதை உருவிப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் போட்டுவைப்பார்கள். மழை தூறினால் தார்ப்பாயைக் கொண்டுவந்து அவன் மேல் போர்த்துவார்கள். ஒரு வீட்டம்மா அவன் நீட்டிய கையில் துணி காயப்போட்டாள் என்றும் பேச்சு உண்டு. அந்த அம்மா அதை மறுத்துவிட்டாள். கரண்ட் வந்ததும் அவன் விட்ட இடத்திலிருந்து இழுப்பான். சுவரில் இணைப்புத் தெரியாது. அதற்காகவே அவனைக் கூப்பிட்டார்கள்.

மகள் பிறந்த வருஷம் அணையில் தண்ணீர் இல்லை. மின்வெட்டு அரை மணி என்று ஆரம்பித்து அரை நாள் என்று வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருந்தது, வீட்டில் இல்லை. ஆகவே மகள் பிறந்த நேரத்தில் அவன் பிரசவ வார்டின் வெளியே ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான். ஆயாம்மா அவனைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள். குழந்தை குப்புற விழுந்ததையும் முதல் பல் முளைத்ததையும் அவன் காதால்தான் கேட்டான். அது எழுந்து நின்றதும் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான். அசையாத கால் என்பதால் பிடிமானத்துக்குத் தோதாக இருந்தது. அப்பாக்கள் என்றால் இப்படித்தான், கொஞ்ச நேரம் பேசுவார்கள், கொஞ்ச நேரம் மேஜை நாற்காலிபோல இருப்பார்கள் என்று மகள் நினைத்தாள். அவன் தோளில் பொம்மைகளை வரிசையாக அடுக்கி வைப்பாள். கரண்ட் வந்ததும் அவை பொலபொலவென்று விழும். அதற்கு அவள் கைகொட்டிச் சிரிப்பாள்.

ஒரு மத்தியானம், நீண்ட வெட்டு முடிந்து விசிறி ஓட ஆரம்பித்தபோது, அவன் தரையில் சிதறிய பொம்மைகளைப் பொறுக்கியபடி சொன்னான். "எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. கண்ணை மூடித் திறக்கிற மாதிரிதான். ஆனா திறக்கிற ஒவ்வொரு தடவையும் நீ கொஞ்சம் களைச்சுப் போயிருக்க. இவ கொஞ்சம் வளர்ந்திருக்கா. என்னை விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் எங்கேயோ போய்ட்டு வந்த மாதிரியே இருக்கு." அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நர்ஸ் மறுநாள் டூட்டி முடிந்ததும் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரரை ஊரில் எல்லோரும் ஆம்பியர் என்றே கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் ஆம்பியர் கணக்கில்தான் பதில் சொல்வார் என்பதால் வந்த பெயர். காது கொஞ்சம் மந்தம். காதில் மாட்டியிருந்த மெஷினுக்குச் சார்ஜ் குறைந்துவிட்டால் வியாபாரத்தை நிறுத்திவிட்டு, அதைச் சார்ஜில் போட்டு, பச்சை விளக்கு வரும்வரை வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருப்பார். அன்று மெஷினில் சார்ஜ் இருந்தது.

"என்னென்ன ஓடணும்?" என்றார்.

"ரெண்டு ஃபேன், மூணு லைட்டு, பொண்ணுக்கு இளைப்பு இருக்கு, அதனால நெபுலைசர். அப்புறம் எங்க வீட்டுக்காரர்."

"அவரு எத்தனை வாட்?"

"அது தெரியாதே."

"லோடு தெரியாம பேட்டரி எடுக்கக் கூடாதும்மா. அப்புறம் நல்ல நேரத்துல கையை விரிச்சிடும். நான் வீட்டுக்கு வந்து அளந்து பாக்கறேன்."

வந்தார். பெயிண்டரை நாற்காலியில் உட்காரவைத்து, வீட்டின் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சமையலறைக் கட்டையைப் பிடுங்கியபோது பெயிண்டர் டீ குடித்துக்கொண்டிருந்தான். கூடத்துக் கட்டையைப் பிடுங்கியபோதும் குடித்தான். பின்னறைக் கட்டையைப் பிடுங்கியதும் டம்ளர் உதட்டில் நின்றுவிட்டது. ஆக அவன் பின்னறை லைனில் இருக்கிறான் என்று தெரிந்தது. அந்த அறையில் துணிப் பெட்டிகளும் பழைய ஏணியும்தான் கிடந்தன. ஏன் அந்த லைன் என்று யாரும் கேட்கவில்லை. ஆம்பியர் கட்டையைத் திரும்பச் செருகி, கம்பியில் மீட்டரைக் கவ்வவைத்து எண்களைப் படித்தார். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு சீலிங் ஃபேன் அளவு இழுத்தான். பேசினால் ஒரு டிவியும் சேர்ந்த மாதிரி. அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தபோது முள் துள்ளி மிக்சி வரைக்கும் போனது. மகள் ஓடிவந்து மடியில் ஏறியபோது சட்டென்று இறங்கி, ஒரு சிறிய பல்பின் அளவில் நின்றது. ஆம்பியர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகு மகளை இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். மறுபடியும் அதே.

முதலில் அவர் கொடுத்தது ஒரு மலிவான இன்வெர்ட்டர். அதிலிருந்து வரும் கரண்ட் சீராக வளைந்து வராமல் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். அதில் ஓடிய ஃபேன் உறுமியது, பெயிண்டரும் உறுமினான். பேச்சுக்கு அடியில் வண்டு முரல்வதுபோல ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருந்தது, பற்கள் கூசுகின்றன என்றான், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தான். அந்த நாட்களில் அவன் அடித்த சுவர்களில் நீரலைபோல மெல்லிய நடுக்கம் ஒன்று பதிந்தது. ஒரு வீட்டுக்காரருக்கு அது பிடித்துப்போய் கூடத்துக்கும் அதேபோல வேண்டும் என்று நின்றார். ஆனால் நர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். ஆம்பியர் தலையைச் சொறிந்தார். "ஃபேனுக்கு இது போதும்மா. ஆளுக்கு ஆகாதுன்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஸ்டாக் தேங்கிக் கிடந்துச்சு, தள்ளிவிட்டுட்டேன்" என்று ஒத்துக்கொண்டு, கரண்டைச் சீராக வளைத்துத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரை மாட்டிக்கொடுத்தார். அதில் ரீங்காரம் அடங்கியது. ஒரு சின்ன குறைதான் மிச்சம்: கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் அவன் ஒரு வார்த்தையை விழுங்கிவிடுவான். 'இன்னைக்குச் சம்பளம் வரலை' என்பது 'இன்னைக்குச் சம்பளம்' என்று நின்றுவிடும், அவள் சந்தோஷப்பட்டுவிடுவாள். பெட்டியின் பின்பக்கம் கம்ப்யூட்டர்காரர்களுக்கென்று ஒரு சுவிட்ச் இருந்தது. அதை மேலே தள்ளியதும் இடைவெளி சுருங்கி, அரை எழுத்து மட்டும் விழுந்தது. அந்த அரை எழுத்தோடு வாழ அவர்கள் பழகினார்கள்.

அதன் பிறகு வந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல வருஷங்கள் அப்படித்தான் கழிகின்றன. பின்னறையில் உயரமான டியூபுலர் பேட்டரி ஒன்று குடியேறியது. அதற்கு டிஸ்டில் வாட்டர் ஊற்றும் வேலையை அவள் வேறு யாரிடமும் விடவில்லை. வார்டில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் அளப்பதுபோலக் கோட்டுக்கு மேலும் போகாமல் கீழும் போகாமல் ஊற்றுவாள். டார்ச்சுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் மகளின் பொம்மைகளுக்கும் சார்ஜ் ஏற்றும் பென்சில் பேட்டரிகள் வாங்கினாள். பழையதையும் புதியதையும் ஒன்றாகப் போட்டால் பழையது புதியதையும் கெடுக்கும் என்று ஆம்பியர் சொன்னதால் ஜோடி ஜோடியாக நூல் கட்டி வைத்தாள். நாத்தனார் அதில் நாலு பேட்டரியை எடுத்துத் தம்பியின் சட்டைப் பையில் போட்டு, "வெளியே போற இடத்துல உதவும்" என்றாள். அது உதவவில்லை, ஆனால் அவள் மனம் நோகக் கூடாது என்று அவன் கொஞ்ச நாள் சுமந்து திரிந்தான். மகளுக்கு இளைப்பு வந்தபோதெல்லாம் மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷின் பேட்டரியில் ஓடியது, அவனும் பேட்டரியில் ஓடினான். மகள் பள்ளியில் நாடகத்தில் மரமாக நின்றதை அவன் முழுக்கப் பார்த்தான். மூச்சுவிடாமல் நிற்பது எப்படி என்று அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அப்புறம் புயல் வந்தது. காற்று ஒரு நாள்தான் அடித்தது, ஆனால் மழை நிற்கவில்லை. கம்பங்கள் தெருவில் படுத்துக் கிடந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலத்தின் மேல் ஆறு ஓடியது. ஆம்பியரின் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்து, அடுக்கியிருந்த பேட்டரிகள் அத்தனையும் அதில் முழுகிப்போயின. கரண்ட் திரும்ப வரப் பல நாளாகும் என்று படகில் வந்த மின்சார ஆபீஸ்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். சுவர்களில் ஈரம் ஏறியது. மகளுக்கு இளைப்பு கண்டது.

நர்ஸ் முதலில் விளக்குகளை அணைத்தாள், பிறகு ஃபேனை. பேட்டரியில் மிச்சம் இருப்பதைக் காட்டும் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்குவதற்கு முன்பே அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மருந்து மெஷின் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம்தான் ஓடும். பகலும் இரவுமாக விடாமல் ஓடிக்கொண்டிருந்த லோடு ஒன்றுதான். பின்னறைக்கும் படுக்கைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவன்தான் சொன்னான்.

"என்னை எடுத்துடு."

"சும்மா இருங்க. பேசினா இன்னும் இழுக்கும்."

"அதைத்தான் சொல்றேன். எனக்கென்ன, கண்ணை மூடித் திறக்கப்போறேன். கஷ்டமெல்லாம் உனக்குத்தான். அதை நினைச்சுத்தான் ரெண்டு நாளா சொல்லாம இருந்தேன்."

மகளுக்குச் சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. தலையணைகள் ஈரத்தில் நமத்துப்போய் சரிந்துகொண்டிருந்தன. அவன் கட்டிலில் ஏறிச் சுவரோரமாக உட்கார்ந்தான். மகளைத் தன் நெஞ்சில் சாய்த்து, ஒரு கையை அவள் முதுகுக்கு அண்டைகொடுத்து, இன்னொரு கையை அவள் பிடித்துக்கொள்ளத் தோதாக மடித்து வைத்தான். உயரம் சரிதானா என்று மகளைக் கேட்டான். கொஞ்சம் இறங்கி உட்காரச் சொன்னாள், இறங்கினான். "ம், இப்ப" என்றான். நர்ஸ் தன் உத்தியோகத்தில் எத்தனையோ மெஷின்களை ஓடவிட்டிருக்கிறாள். ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அவள் நிறுத்தியது கிடையாது. பின்னறைக் கட்டையைப் பிடித்தபோது விரல்கள் வழுக்கின. முந்தானையில் துடைத்துக்கொண்டு பிடுங்கினாள். கூடத்துக் கட்டிலிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இன்வெர்ட்டரை மருந்து கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டாள், உடனே அணைத்தாள். ஒவ்வொரு தடவை போடும்போதும் இடுப்பில் இருக்கும் கட்டை உறுத்தியது. அதைச் செருகினால் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவனும் இருப்பான். பேச ஒரு ஆள் இருக்கும். செருகவில்லை. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் போன்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் வாசலிலேயே நிறுத்தி இல்லை என்றாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாத்தனார் தண்ணீரில் நடந்து நனைந்து வந்து சேர்ந்தாள். அவள் மகன் வெளியூரில் இருந்தான், அவனோடு பேச வேண்டும்.

"ஒரு போனுக்குச் சார்ஜ் போட்டா என்னடி குறைஞ்சிடும்? ஊரே சொல்லுது, உங்க வீட்ல மட்டும் மெஷின் ஓடுதாம்."

"முடியாது அண்ணி."

"என் பிள்ளை அங்க துடிச்சுக்கிட்டிருப்பான். உனக்கு மனசே இல்லையா?"

"உள்ள வந்து பாருங்க. உங்க தம்பியையே நிறுத்தி வச்சிருக்கேன்."

நாத்தனார் உள்ளே வந்து பார்த்தாள். தம்பியின் நெஞ்சில் சாய்ந்து அவன் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், மூச்சு விசில்போல வந்துகொண்டிருந்தது. தம்பியின் தலைமுடியில் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. நாத்தனார் அதைத் தன் கையாலேயே விரட்டினாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து தண்ணீர் வடிகிற வரைக்கும் அவள் அங்கேயே இருந்தாள். அவனைச் சோம்பேறி என்று அதன் பிறகு யாரும் அவள் வாயில் கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம் மகளுக்கு மிகவும் முடியாமல் போனது. மருந்து ஒரு தடவை கொடுத்தும் இறங்கவில்லை, இரண்டாவது தடவையும் இறங்கவில்லை. கழுத்துக் குழி உள்வாங்கியது. உதட்டின் நிறத்தைப் பார்த்ததும் நர்ஸுக்கு வார்டில் பார்த்த முகங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவும் முடிந்திருந்தது. பாலத்தின் மேல் இன்னும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி விளக்கு சிவப்பில் இருந்தது. அவள் இன்வெர்ட்டரை அணைக்காமல், இடுப்பிலிருந்து கட்டையை எடுத்துச் செருகினாள்.

அவன் உடனே மகளின் பாரத்தை உணர்ந்தான். மகளின் மூச்சைக் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டான், பிறகு அவள் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தான். "அப்பா கூட சுவர் அடிக்கலாம் வா. பிரஷ்ஷைச் சின்னதா மேல கொண்டுபோ. அவ்வளவுதான், போதும். இப்பக் கீழ இழு. மெதுவா... இன்னும் கீழ. தரை வரைக்கும் வரணும். பெயிண்ட் தீர்ற வரைக்கும் இழு." கை ஏறும்போது மகள் மூச்சை எடுத்தாள், இறங்கும்போது விட்டாள். மூச்சை வெளியே விடத்தான் அவள் அவ்வளவு நேரம் திணறிக்கொண்டிருந்தாள். "இந்த இடம் திட்டா இருக்கு, திரும்ப ஒரு கை" என்றான். திரும்பவும் இழுத்தார்கள். கொடுத்திருந்த மருந்து உள்ளே போக வழி கிடைத்தது. அந்தச் சுவர் முழுவதையும் வெறுங்கையால் அடித்து முடித்தபோது விசில் சத்தம் தணிந்து, அவள் கண் செருகித் தூங்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அவன் நர்ஸை நிமிர்ந்து பார்த்தான். "எத்தனை நாளாச்சு?" என்றான்.

"நேத்துதான்."

"பொய் சொல்லாத. உன் வளையல் முழங்கைக்கு ஏறிப்போச்சு."

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவன் இன்னும் ஏதோ சொல்ல நினைத்து, பின்னறைக் கதவு வழியே தெரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். மகளின் முதுகுக்குக் கையைச் சரியாக அண்டைகொடுத்து, முன்பு இருந்த மாதிரியே உட்கார்ந்தான். "எடு" என்றான். அவள் எடுத்தாள். இந்தத் தடவை அவள் அழுதாள், நாத்தனார் அவளைத் திட்டிக்கொண்டே முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பேட்டரி தாங்கியது. மழை விட்டது, வெயில் வந்தது, மகளுக்கு மூச்சு சீரானது, அதற்கும் சில நாள் கழித்து ஒரு காலையில் தெரு முழுக்க ஹோவென்று கூச்சல் எழுந்தது. ஃபிரிட்ஜ் உறுமியது. அக்கம்பக்கத்து வீடுகளில் டிவிகள் ஒன்றை ஒன்று மிஞ்சிக் கத்தின. மகள், "அம்மா, கட்டை! அப்பாவைப் போடுங்க!" என்று குதித்தாள். நர்ஸ் "இரு" என்றாள். மகளுக்கு விளங்கவில்லை. நர்ஸ் வெந்நீர் வைத்து நிதானமாகக் குளித்தாள். நாத்தனார் போட்ட சோற்றைத் தட்டு நிறையச் சாப்பிட்டாள். ஃபேனுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்து அன்று பகலும் இரவும் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். அடுத்த நாள் எழுந்து, இஸ்திரி போட்ட சேலையைக் கட்டி, கண்ணாடியில் பார்த்து, நாத்தனாரின் பவுடரைக் கொஞ்சம் வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டாள். வளையல்களைக் கழற்றிச் சுருக்கி மாட்ட வழியில்லாததால், நாத்தனாரின் சிறிய வளையல்களைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் பின்னறைக்குப் போய்க் கட்டையைச் செருகினாள்.

அவன் கண்ணைக் கொட்டினான். மடியில் மகள் இல்லாததைக் கண்டு கட்டிலைத் துழாவினான். அவள் கதவருகே நின்று சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் துழாவுவதை நிறுத்தினான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான். "என்ன, நல்லாயிட்டே?" என்றான். மகளால் அடக்க முடியவில்லை. "அம்மா ரெண்டு நாள் நல்லாத் தூங்கிட்டு அப்புறமாத்தான்பா உங்களைப் போட்டாங்க" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். நர்ஸ் அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். அவன் வெகுநேரம் சிரித்தான். அப்போது மீட்டரில் யாராவது அளந்திருந்தால் முள் எங்கே நின்றிருக்கும் என்று சொல்ல ஆம்பியர் பக்கத்தில் இல்லை. அவர் கடையிலிருந்து சேற்றை வாரிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஆம்பியர் லித்தியம் பேட்டரிக்கு மாறச் சொன்னார். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சீக்கிரம் சார்ஜ் ஏறும், முழுக்க இறக்கினாலும் தாங்கும் என்றார். நர்ஸ் முன்பு ஒருமுறை ஏமாந்ததை மறக்கவில்லை. அவரையே அதை மாட்டி, ஒரு நாள் முழுக்க மெயினை அணைத்து, கணவனை ஓட்டிக் காட்டச் சொன்னாள். பெயிண்டர் அன்று வேண்டுமென்றே வாய் ஓயாமல் பேசினான். பேட்டரி தாங்கியது, ஆம்பியர்தான் தாங்க முடியாமல் காது மெஷினைக் கழற்றிவைத்தார். கூரையில் சூரியத் தகடுகளும் ஏறின. ஊரிலும் கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்தது. நின்றுபோன நேரங்களை எல்லாம் சேர்த்தால் அவன் தன் வயதுக்காரர்களைவிடச் சில வருஷங்கள் பின்தங்கியிருந்தான். நர்ஸின் தலை நரைத்த பிறகும் அவன் தலை கருப்பாகவே இருந்தது. புதிதாகப் பார்ப்பவர்கள் அவளை அவனுடைய அக்கா என்று நினைத்தார்கள். முதலில் அவளுக்கு அது சுருக்கென்றது. அவன் ஏணியில் ஏறி வெள்ளைச் சாயத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்ததும், போதும் விடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

மகள் வளர்ந்து, தன்னோடு வேலை செய்யும் ஒருவனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். பேசி முடிப்பதற்காக மூவரும் ஒரு மாலை அந்தப் பையன் வீட்டுக்குப் போனார்கள். தன் கல்யாணத்தில் சொல்லாமல் விட்டது போல இதில் ஆகக் கூடாது என்று நர்ஸ் உறுதியாக இருந்தாள். டீ வந்ததும் டம்ளரைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னாள். பையனின் அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"பேக்கப் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"எங்க வீட்ல லித்தியம் போட்டிருக்கோம். ஒரு நாளுக்கு மேலயே தாங்கும். வெயில் அடிச்சா கவலையே இல்ல."

"அப்போ பரவாயில்லையே. எங்க வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல தாங்க மாட்டார்" என்றாள் அந்த அம்மா. அந்த வீட்டுக்காரர் நிஜமாகவே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பேச்சு கல்யாண நாளுக்குப் போனது, பிறகு அந்த வீட்டுச் சுவர்களுக்குப் போனது. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டும், என்ன நிறம் நன்றாக இருக்கும் என்று அந்த அம்மா கேட்டாள். பெயிண்டர் எழுந்து போய் கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். முதலில் உப்புப் பூத்திருப்பதைச் சுரண்ட வேண்டும், பிறகு பிரைமர், பிறகு வேண்டுமானால் இளமஞ்சள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டில் கரண்ட் போய்விட்டது. ஃபேன் ஓய்ந்தது. கூடத்தில் சாயங்கால இருட்டு. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டான், அவன் அம்மா நீட்டிய பிஸ்கட் தட்டோடு அப்படியே நின்றாள், தூங்கியவர்கூட விழித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். இளமஞ்சளுக்கு வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று பார்க்க வேண்டும், ஜன்னல் கிழக்கே இருந்தால் இன்னும் கொஞ்சம் வெளுப்பாகக் கலக்கலாம் என்று பெயிண்டர் மட்டும் பேசிக்கொண்டே போனான்.